பெட்டிக்கடையில் வாழும் விளம்பரம்

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவானது. அந்நோய்க்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றான புகையிலையின் விளம்பரங்களுக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது.

ஆயினும், விற்பனைக் கடைக்கும் சிகரெட் பெட்டிக்கும் அச்சட்டம் விலக்களித்தது. அதனால், அவர் பிறந்த மாவட்டத்திலும் பெட்டிக்கடையில் மிட்டாய்களுக்கு அருகே அடுக்கப்படும் சிகரெட் பெட்டிகளே விளம்பரப் பலகைகளாகின்றன. நாள்தோறும் அவற்றைக் காணும் சிறுவனுக்குப் புகைத்தல் இயல்பான பழக்கமாகத் தோன்றத் தொடங்குகிறது.

பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை இடம்பெற வேண்டும் என்பது 2016 முதல் நடைமுறையில் உள்ள விதி. ஒற்றை சிகரெட் வாங்குபவருக்கு அதனால் பயனில்லை. அவர் கைக்குப் பெட்டியே வருவதில்லை.

உதிரி விற்பனையையும் காட்சிக்கு அடுக்குவதையும் தடுக்காதவரை விளம்பரத் தடை முழுமை பெறாது.