ஆளு ஸ்மார்ட்டு... படம் டல்லு!

பெட்டியைப் பிரித்ததும் எங்க ஹாஸ்டல் ரூம்ல ஒரு நிமிஷம் மயான அமைதி. அப்புறம் மொத்தமா 'ப்பா...!'னு ஒரு சத்தம். 27 இஞ்ச் மானிட்டர். பால் வெள்ளை கலர். மேல் விளிம்பு செல்போன் தடிமன்தான் இருக்கும். கீழே வட்டமா, கண்ணாடித் தட்டு மாதிரி ஒரு ஸ்டாண்டு. எதிர் ரூம், பக்கத்து ரூம், இதுவரை எங்களை மதிச்சே பேசாத மெக்கானிக்கல் சீனியர்கள்னு ஆளாளுக்கு வந்து பொண்ணு பார்க்கிற மாதிரி பார்த்துட்டுப் போனாங்க. ஸ்விட்சை மட்டும் யாரும் போடல. போடாமலே இருந்திருக்கலாம் பாஸ்!

முதல்ல காசு வந்த கதையைச் சொல்லிடறேன். கரூர்ல இருக்கிற அம்மா ஒரு ஏலச்சீட்டு போட்டுட்டு வந்தாங்க. 'ப்ராஜெக்ட்டுக்குப் பெரிய ஸ்க்ரீன் இருந்தா நல்லாருக்கும்மா'னு போன்ல ஒரே ஒரு தடவைதான் இழுத்தேன். நாலாவது மாசமே சீட்டைத் தள்ளி எடுத்துட்டாங்க. கடைசி வரை பொறுத்திருந்தா மூவாயிரமாவது கூட வந்திருக்கும். அதை அவங்க சொல்லல, தங்கச்சிதான் சொன்னா.

அந்தக் காசோட, மவுன்ட் ரோட்டுக்குப் பின்னாடி இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். கூட ரூம்மேட் மதுரைக்காரன். கடையில வரிசையா பத்து மானிட்டர் ஓடிட்டிருந்தது. கறுப்பா, கட்டையா, அப்பா காலத்து ஆபீஸ் பீரோ மாதிரி ஒன்பது. நடுவுல இது! "கடைசி பீஸ் தம்பி, ஐநூறு கழிச்சு 13,500-க்குத் தர்றேன்"னார் கடைக்காரர். திரையில ஒரு கிளி பறந்துச்சு, ஒரு மாம்பழம் சுத்துச்சு. அவ்ளோதான், விழுந்துட்டேன். கடையில எல்லா மானிட்டர்லயும் கிளியும் மாம்பழமும்தான் ஓடும், பிரைட்னஸ் 100-ல இருக்கும், நாமளும் நேருக்கு நேரா நின்னுதான் பார்ப்போம்ங்கிறது அப்ப மண்டையில ஏறல.

அன்னிக்கு ராத்திரி படம் போட்டோம். நான் சேர்ல. மதுரைக்காரன் கட்டில்ல மல்லாக்கப் படுத்திருந்தான். பத்தே நிமிஷத்துல, "மச்சான், ஹீரோ மூஞ்சி ஏன்டா போட்டோ நெகட்டிவ் மாதிரி இருக்கு?"ன்னான். நக்கல் பண்றான்னு நெனச்சுக் கீழே குனிஞ்சு பார்த்தா... நிஜமாவே வெள்ளை கறுப்பாகி, கறுப்பு சாம்பலாகி, ஹீரோ ஆவியா அலையறார்!

இதுல பெரிய கேவலம் என்னன்னா, நான் இ.சி.இ. மூணாவது வருஷம். எல்.சி.டி. எப்படி வேலை செய்யுதுன்னு 13 மார்க் கேள்விக்குப் படம் போட்டு விடை எழுதினவன். என் மானிட்டர்ல இருந்தது டி.என். பேனல், அதாவது ட்விஸ்டட் நிமாட்டிக். உள்ளே இருக்கிற திரவப் படிகங்கள் முறுக்கு மாதிரி 90 டிகிரி திருகி நிக்கும். மின்சாரம் கொடுத்தா நிமிரும். எவ்வளவு நிமிருதோ அவ்வளவு வெளிச்சம் அடைபடும். பாதி நிமிர்ந்து சாய்ஞ்சு நிக்கிற படிகத்தை நேரா பார்த்தா ஒரு கணக்கு, கீழேயிருந்து பார்த்தா வேற கணக்கு. அதான் ஹீரோ ஆவியானார். 27 இஞ்ச்ங்கிறதால நேரா உட்கார்ந்தாலே திரையோட மேல் பாதி ஒரு கோணம், கீழ் பாதி ஒரு கோணம். ஒரே நீலம் மேலே இருட்டா, கீழே வெளுத்துத் தெரியும். இதைச் சரி பண்ற ஐ.பி.எஸ். பேனல் 1996-லயே ஹிட்டாச்சி புண்ணியத்துல வந்துடுச்சு. கடையில நான் பார்த்த அந்த ஒன்பது பீரோவுல பாதி ஐ.பி.எஸ்-தான்ங்கிறது கூடுதல் வயித்தெரிச்சல்.

அட்டைப் பெட்டியை மறுபடி எடுத்து, இந்தத் தடவை படிச்சேன். கான்ட்ராஸ்ட் 8 கோடிக்கு 1! திரை முழுக்க வெள்ளையா இருக்கும்போது ஒரு அளவு, முழுக்கக் கறுப்பா இருக்கும்போது பின்னாடி இருக்கிற லைட்டையே அணைக்கிற மாதிரி குறைச்சு வச்சுக்கிட்டு ஒரு அளவு. ரெண்டையும் வகுத்தா கோடி என்ன, கோடானுகோடியே வரும். ஒரே காட்சியில கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து வந்தா நிஜக் கணக்கு 1000-க்கு 1. அதையும் பெட்டியில போட்டிருந்தாங்க, எறும்பு சைஸ் எழுத்துல. அந்த எட்டு கோடி மோடைப் போட்டா, இருட்டு சீன் வர்றப்பல்லாம் வெளிச்சம் ஏறி இறங்கும். மதுரைக்காரன் லோ வோல்டேஜ்னு நெனச்சு வார்டனுக்கு கம்ப்ளெயின்ட் எழுதப் போயிட்டான்!

'1.67 கோடி நிறங்கள்'னு இன்னொரு வரி. பேனல் நிஜத்துல 6 பிட். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொண்ணுக்கும் 64 படி. பெருக்கினா 2,62,144 நிறம்தான். மிச்சத்துக்கு ரெண்டு ஷேடை மாத்தி மாத்தி வேகமா காட்டி, நடுவுல ஒரு நிறம் இருக்கிற மாதிரி நம்ம கண்ணையே ஏமாத்தும். வெளியே கெத்து, உள்ளே கைப்புள்ள!

சிரிச்சிட்டே போயிருப்பேன். போஸ்டர் மேட்டர்தான் வலிச்சது. எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு போஸ்டர் டிசைன் என் பொறுப்பு. ரெண்டு ராத்திரி உட்கார்ந்து, மெரூன் பின்னணியில தங்க எழுத்து வச்சு முடிச்சேன். மானிட்டர்ல ஜொலிச்சது. 300 நோட்டீஸ், ரெண்டு ஃப்ளெக்ஸ். அச்சாகி வந்தா, மெரூன் காய்ஞ்ச ரத்தம் மாதிரி இருட்டிப் போய், தங்கம் மஞ்சள் காமாலை கலர்ல பல்லிளிச்சுது. ஹெச்.ஓ.டி. ஒண்ணும் திட்டல, "யாருப்பா பண்ணது?"ன்னு மட்டும் கேட்டார். அதுக்குத் திட்டியே இருக்கலாம். பிரஸ் அண்ணன்கிட்ட சண்டைக்குப் போனா, அவர் தன் பழைய மானிட்டர்ல என் ஃபைலைத் திறந்து காட்டினார். அதுலயும் அதே காய்ஞ்ச ரத்தம்தான்! "உங்க திரை ரொம்ப வெளிச்சமா, நீலமா இருக்கும் தம்பி. அதுக்கு ஏத்த மாதிரி நீங்க கலரைக் கூட்டிக் குறைச்சிருப்பீங்க." திரையில ஒளியால வர்ற நிறமும் காகிதத்துல மையால வர்ற நிறமும் எப்பவும் கொஞ்சம் மாறும்தான், மொத்தப் பழியும் மானிட்டர் மேல போட முடியாது. ஆனா அந்த 300 நோட்டீஸுக்கும் திரும்ப அச்சடிச்ச காசு என் மெஸ் பில்லுல இருந்துதான் போச்சு.

கோடிங் பண்ணலாம்னா எழுத்தெல்லாம் மணல்ல எழுதின மாதிரி பிசிறடிக்குது. இதுக்கு பேனல் வகை தேவையில்ல, ஆறாம் கிளாஸ் கணக்கு போதும். 1920-க்கு 1080 புள்ளிகளை 27 இஞ்ச்ல பரப்பினா ஒரு இஞ்சுக்கு சுமார் 82 புள்ளி. அதையே 24 இஞ்ச்ல அடைச்சா 92. என் 15.6 இஞ்ச் லேப்டாப்ல 141! பெருசு வாங்கினேன், புள்ளிகளும் பெருசாயிடுச்சு.

அந்த வட்ட ஸ்டாண்டு? உசரம் ஏறாது, இறங்காது, பக்கவாட்டுல திரும்பாது. லேசா முன்னபின்ன சாயும், அவ்வளவே. டைப் பண்ணினா கும்பகரணம் போடற மாதிரி ஆடும். ஸ்டாண்டைத் தூக்கிட்டு வேற மாட்டலாம்னா பின்னாடி நாலு ஸ்க்ரூ ஓட்டையே இல்ல... அழகு கெட்டுடுமாம்! கழுத்து வலிக்குதேன்னு கிரேவால் கணக்குப் புத்தகத்தை அடியில வச்சிருக்கேன். மூணு வருஷத்துல அந்தப் புத்தகம் எனக்கு உருப்படியா உதவினது இதுக்குத்தான்.

மாத்தித் தரச் சொல்லிக் கடைக்குப் போனேன். "ரிப்பேர் எதுவும் இல்லையே தம்பி, அதோட குணமே அப்படித்தான்"ன்னார். தப்பே சொல்ல முடியாது. அவர் மறைக்கல, நான் கேட்கல. பிரைட்னஸை 35-க்கு இறக்கி, கலரை 'கூல்'ல இருந்து 'வார்ம்'க்கு மாத்தி, எட்டு கோடியை ஆஃப் பண்ணின பிறகு ஓரளவு கண்ணு கூசாம இருக்கு. நீங்க வாங்கப் போறீங்கன்னா, கடையில வெக்கப்படாம குனிஞ்சு ஒரு தடவை, எட்டி நின்னு ஒரு தடவை பாருங்க. கிளியை நிறுத்தச் சொல்லிட்டு, பொடி எழுத்துல ஒரு பக்கத்தைத் திறந்து படிச்சுப் பாருங்க. முறைப்பாங்க. முறைக்கட்டும்!

போன வாரம் ராத்திரி லைட்டை அணைச்சிட்டு உட்கார்ந்திருந்தப்ப அம்மா வீடியோ கால் பண்ணாங்க. மதுரைக்காரன் கேம் ஆடறதுக்காக மறுபடி 'கூல்'ல வச்சுத் தொலைச்சிருக்கான், நான் கவனிக்கல.

"ஏங்கண்ணு, மூஞ்சியெல்லாம் நீலமாக் கெடக்குது? சோறு உண்டியா?"

"லைட்டு வெளிச்சம்மா அது."

"அந்தப் புதுப்பொட்டி நல்லாத் தெரியுதா?"

"சூப்பராத் தெரியுதும்மா." பக்கத்துல மதுரைக்காரன் இருமினான்.

"அப்பச் சரி. வர்ற வருசம் பாப்பாவும் காலேஜு சேர்றாளே, அவளுக்கும் அதேமாரி ஒண்ணு பார்த்து வையி. சீட்டு இன்னொண்ணு போட்டிருக்கறேன்."

"அந்த மாடல் இப்ப வர்றதில்லம்மா"ன்னுட்டேன்.