பற்று எது, வரவு எது? தோழர் சொன்னால் புரியும் கணக்கு

நம் சேமிப்புக் கணக்கில் ரூ.10,000 செலுத்தினால், செல்லேட்டில் அது 'வரவு' எனப் பதிவாகிறது. அதே தொகையை வணிகர் தம் ஏட்டில் எழுதும்போது வங்கிக் கணக்கைப் 'பற்று' செய்ய வேண்டும் என்கிறது பாடநூல். பதினொன்றாம் வகுப்பில் முதன்முறையாகக் கணக்குப்பதிவியலைக் கற்கத் தொடங்கும் மாணவர் பலர் தடுமாறுவது இவ்விடத்தில்தான்.

விளக்கம் எளியது. வங்கியின் ஏட்டில் நம் வைப்புத்தொகை, வங்கி நமக்குத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பு, எனவே வரவு. நம் ஏட்டில் அதுவே நமக்கு உரிய சொத்து, எனவே பற்று. ஆசிரியர் இதனைப் பலமுறை கூறியிருப்பார். ஆயினும், சென்ற மாதம் இதே இடத்தில் இடறி எழுந்த வகுப்புத் தோழர் கூறும்போது அது எளிதில் மனத்தில் பதிகிறது. துறைபோகக் கற்றவர், தாம் எங்கே குழம்பினோம் என்பதை மறந்துவிடுகிறார். அண்மையில் கற்றவர் மறப்பதில்லை.

இம்முறை நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்து, அந்த அனுபவத்தை 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது.

நன்றாகப் படிக்கும் பிள்ளையின் நேரம் வீணாகாதா எனப் பெற்றோர் கவலைப்படுவது இயல்பு. பள்ளிகளில் நிகழ்ந்த 65 மதிப்பீடுகளைத் தொகுத்து 1982-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, கற்றவர் மட்டுமன்றிக் கற்பித்தவரும் அப்பாடத்தில் முன்னேறியதைக் காட்டியது. வாசிப்பைவிடக் கணிதத்தில் பயன் மிகுதி. ஒழுங்காகத் திட்டமிட்ட பயிற்சிகளில் இன்னும் மிகுதி.

திட்டமிடுதல் என்றால் என்ன? வங்கிச் சரிகட்டும் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். ரொக்க ஏட்டில் இருப்பு ரூ.18,000, செல்லேட்டில் ரூ.22,882. கற்பிக்கும் மாணவர் விடையை எழுதிக் காட்டலாகாது. "நாம் எழுதிய எந்தப் பதிவு வங்கிக்கு இன்னும் தெரியாது?" என்று கேட்க வேண்டும். ரூ.5,000-க்கு வழங்கிய காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லை எனக் கற்பவரே கண்டறிவார். "வங்கிக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதது எது?" என்பது அடுத்த வினா. வங்கி பிடித்த கட்டணம் ரூ.118 அகப்படும், கணக்கு சரியாகிவிடும். அடுத்த கணக்கில் இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். எப்போதும் ஒருவரே கற்பிப்பவராக இருந்தால் மற்றவர் கேட்பதோடு நின்றுவிடுவார்.

ஓர் ஆபத்தும் உண்டு. தவறான விதியும் தோழர் வழியாக விரைவில் பரவும். 'உள்ளே வருவது பற்று' என்பது சொத்துக் கணக்குகளுக்கான விதி. அதை ஆள்சார் கணக்குக்கும் பொருத்திவிடுவோர் பலர். இருப்பாய்வின் இரு பக்கங்களும் சமமாகிவிட்டால் பிழையே இல்லை என்று எண்ணுவதும் அத்தகையதே. ஒரு நடவடிக்கையை முற்றிலும் எழுதாமல் விட்டாலும் இருப்பாய்வு சமமாகும். ஆகவே, ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் ஆசிரியர் ஏடுகளைப் பார்வையிடுவது இன்றியமையாதது.

வணிகவியல் பயிலும் பிள்ளைகள் இல்லத்தில் இருப்பின், நம் செல்லேட்டின் ஒரு மாதப் பக்கத்தை, கணக்கு எண்ணை மறைத்துப் படியெடுத்துக் கொடுக்கலாம். அவரும் தோழரும் அதை நம் பக்கத்து ஏடாக மாற்றி எழுதட்டும். பக்கம் ஒன்றே, ஆனால் பற்று அனைத்தும் வரவாகும், வரவு அனைத்தும் பற்றாகும்.