கதையோடு வழக்காடுவோர்

நுழையும்முன்

தொலைக்காட்சித் தொடர்களைப் பார்ப்போர் பலர். பார்த்தபின் அவற்றைக் குறைகூறுவோரும் பலர். 'இப்படியும் நடக்குமா?' என்று கேட்பவரே மறுநாளும் அதே நேரத்தில் அதே தொடரின்முன் அமர்கின்றனர். இந்த முரண்பாட்டுக்குள் கதைக்கலை பற்றிய நுட்பமான செய்திகள் அடங்கியுள்ளன.

இரவு எட்டரை மணி. ஒரு வீட்டின் கூடத்தில் பாட்டியும் மேல்நிலை வகுப்பில் படிக்கும் பெயர்த்தியும் தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். தன் கணவன் வேறொரு பெண்ணிடம் பேசிக்கொண்டிருப்பதைக் கதைத்தலைவி தொலைவிலிருந்து காண்கிறாள். அவளுடைய முகம் மூன்று கோணங்களில் மாறிமாறிக் காட்டப்படுகிறது. இசை முழங்குகிறது. 'தொடரும்' என்னும் சொல் திரையில் தோன்றுகிறது. அந்தப் பெண் அவனுடைய அத்தை மகள் என்பதும், அண்ணனின் மருத்துவச் செலவுக்காகவே அவன் அவளிடம் கடன் கேட்டான் என்பதும் பார்வையாளர் அனைவருக்கும் தெரியும். கதைத்தலைவிக்கு மட்டும் தெரியாது.

"கையில்தான் கைப்பேசி இருக்கிறதே, பாட்டி! 'அது யார்?' என்று ஒரு வார்த்தை கேட்டால் இந்தக் கதை இன்றைக்கே முடிந்துவிடுமே" என்கிறாள் பெயர்த்தி.

பாட்டி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே விடை கூறுகிறார்: "கேட்டால், 'என்னையே சந்தேகப்படுகிறாயா?' என்பான். அதற்குப் பயந்துதான் அவள் வாயைத் திறக்கவில்லை."

பெயர்த்தியின் கேள்வி கதையின் கட்டமைப்பைப் பற்றியது. பாட்டியின் விடை கதைமாந்தரின் மனத்தைப் பற்றியது. அந்தப் பெண்ணின் அச்சத்தைத் தொடர் எந்தக் காட்சியிலும் காட்டவில்லை. கதாசிரியர் எழுதாமல் விட்ட காரணத்தைப் பாட்டியே எழுதிச் சேர்த்துவிட்டார். இவ்விருவகை எதிர்வினைகளும் ஒரே கூடத்தில், சிலவேளை ஒரே மனத்தில், அருகருகே வாழ்கின்றன.

கதை வகுத்துக்கொண்ட சட்டம்

கூத்தையும் நாடகத்தையும் காண்போர், தாம் காண்பது நடிப்பு என்பதை அறிந்தே காண்கின்றனர். ஆயினும் அழுகின்றனர், அஞ்சுகின்றனர், சினங்கொள்கின்றனர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டினைத் தொல்காப்பியம் வகுத்துரைத்தது. அதற்கு உரை கண்டோர் சுவைக்கப்படும் பொருள், அதனால் எழும் சுவையுணர்வு, மனத்தில் நிகழும் குறிப்பு, உடலில் வெளிப்படும் விறல் என ஒவ்வொன்றையும் நான்காக விரித்தனர். மேடையில் நிகழ்வதற்கும் காண்போர் உள்ளத்தில் நிகழ்வதற்கும் இடையிலுள்ள உறவு தமிழ் மரபில் நெடுங்காலமாகவே ஆராயப்பட்டு வந்துள்ளது.

ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1817ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இவ்வுறவுக்கு ஒரு விளக்கம் தந்தார். கதையை நுகர்வோர் தம் ஐயத்தைத் தாமே விரும்பிச் சிறிதுநேரம் ஒத்திவைக்கின்றனர் என்பது அவர் கருத்து. இதில் 'விரும்பி' என்னும் சொல்லே முதன்மையானது. விரும்பிக் கொடுத்ததை விரும்பாதபோது திரும்பப் பெறவும் இயலும். பார்வையாளர் கதைக்குக் கொடுத்த கடனைத் திரும்பக் கேட்கும் தருணமே 'இது எப்படி நடக்கும்?' என்னும் கேள்வி எழும் தருணம்.

அக்கேள்வி இயற்கைக்கு மாறான நிகழ்ச்சிகளின்போதுதான் எழும் என்று கருதுதல் பிழை. 1990களின் பிற்பகுதியில் ஒளிபரப்பான 'மர்மதேசம்' தொடர் வரிசையில் 'விடாது கருப்பு' என்னும் கதை இடம்பெற்றது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய அக்கதையை நாகா இயக்கினார். குற்றம் புரிந்தோரைக் கருப்பசாமி குதிரையேறி வந்து தண்டிப்பதாக ஓர் ஊரே நம்புகிறது. நம்பிக்கையும் அறிவியல் விளக்கமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே செல்கின்றன. பார்த்தவர்கள் அஞ்சினரேயன்றி, 'குதிரை எங்கிருந்து வந்தது?' என்று எள்ளவில்லை. அத்தகைய உலகமே தன்னுடையது என்பதைக் கதை தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டது. மாறாக, முற்றிலும் இயல்பான ஒரு குடும்பக் கதையில் ஒரு பெண் ஒரு கேள்வியைக் கேளாமல் ஐந்து வாரம் கடத்தும்போது, பெயர்த்தி பொறுமை இழக்கிறாள். நிகழ முடியாத ஒன்றும் நம்பும்படி அமையுமாயின், அது நிகழக்கூடிய, ஆனால் நம்பமுடியாத ஒன்றைவிடச் சிறந்தது என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் கூறியதும் இதனையே.

தான் வகுத்த சட்டத்தைத் தானே மீறிய தொடருக்கு அமெரிக்காவின் 'டாலஸ்' உலகறிந்த சான்று. அதில் பாபி என்னும் கதைமாந்தர் 1985இல் இறந்தார். அவ்வேடம் ஏற்ற நடிகர் தொடரிலிருந்து விலகியதே காரணம். அடுத்த ஓராண்டுக் கதை அவர் இல்லாமல் நடந்தது. நடிகர் திரும்பி வர இசைந்ததும், பாபி குளியலறையிலிருந்து புன்னகையுடன் வெளிவந்தார். இடைப்பட்ட ஓராண்டுக் கதை முழுவதும் அவருடைய முன்னாள் மனைவி கண்ட கனவு என்று 1986இல் விளக்கம் தரப்பட்டது. பாபியின் அண்ணனை மையமாகக் கொண்ட கிளைத்தொடர் ஒன்றும் அப்போது ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. அத்தொடரிலும் பாபியின் சாவுக்காகத் துயருற்றனர். அங்கே அது கனவாக மாறவே இல்லை. ஒரு மனிதர் ஒரு தொடரில் உயிருடனும் மற்றொன்றில் இறந்தும் இருந்தார். பார்வையாளரின் சினத்துக்கு இது மட்டும் காரணமன்று. ஓராண்டுக் காலம் அவர்கள் வருந்தியதும் மகிழ்ந்ததும் நிகழாத ஒன்றுக்காக என்று ஆகிவிட்டதே உண்மையான காரணம்.

வாரமும் நாளும்

தொடர்கதையோடு வழக்காடும் பழக்கம் தொலைக்காட்சியோடு தோன்றியதன்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வார இதழில் வெளிவந்தது. கதை முடிந்ததும், திடீரென்று முடித்துவிட்டதாகவும் கதைமாந்தர் பலர் பின்னர் என்ன ஆயினர் என்பதைக் கூறவில்லை என்றும் வாசகர் குறைபட்டுக்கொண்டனர். கல்கி அதற்காகவே முடிவுரை ஒன்றை எழுதி அக்கேள்விகளுக்கு விடையளித்தார். வாசகரின் முறையீடு நூலின் ஒரு பகுதியாகவே நிலைபெற்றுவிட்டது.

வார இதழின் ஆசிரியருக்கு ஏழு நாள் இருந்தது. நாள்தொடரின் ஆசிரியருக்கு அவ்வளவு இல்லை. 2003 முதல் 2009 வரை ஒளிபரப்பான 'கோலங்கள்' 1500க்கும் மேற்பட்ட பகுதிகளைக் கண்டது. இத்தனை நீளமுள்ள கதையை முன்கூட்டியே முழுவதும் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குதல் எவர்க்கும் அரிது. கதை ஒருபுறம் எழுதப்பட, மறுபுறம் படப்பிடிப்பு நடக்கிறது. வாரந்தோறும் வரும் டிஆர்பி புள்ளிகள் இறங்கினால், வளர்ந்துகொண்டிருந்த கிளைக்கதை ஒன்று சொல்லாமலே கைவிடப்படும். வரவேற்புப் பெற்ற எதிர்மறைப் பாத்திரம் திருந்தவேண்டிய நாள் தள்ளிப்போகும். நடிகர் விலகினால் 'இவருக்குப் பதில் இவர்' என்னும் ஒற்றை வரி திரையில் ஓடும். அடுத்த நொடியில் புதிய முகம் பழைய மனைவியிடம் பழைய சண்டையைத் தொடரும்.

வியப்பு யாதெனில், இந்த முகமாற்றத்தைத் தமிழ்ப் பார்வையாளர் எளிதில் மன்னித்துவிடுகின்றனர். தெருக்கூத்தில் ஒரே கலைஞர் ஒரே இரவில் இருவேடம் கட்டுவதைக் கண்டு பழகிய கண்களுக்கு முகம் மாறுவது பெரிதன்று. குணம் மாறுவதே பெரிது. நேற்றுவரை கூர்மதியுடன் கணக்குவழக்குகளைப் பார்த்துவந்த மருமகள், சூழ்ச்சிக்குக் கதைக்களம் தேவைப்படுகிறது என்பதற்காக இன்று வெற்றுத்தாளில் கையெழுத்திட்டால் அதனை எவரும் பொறுப்பதில்லை. "அவள் அப்படிச் செய்யமாட்டாளே!" என்று அயல்வீட்டுப் பெண்ணைப்பற்றிப் பேசுவதுபோலவே பேசுகின்றனர். காரணகாரியத்தைப் பற்றிய முறையீடுகளில் பெரும்பாலானவை, நுணுகி நோக்கினால், குணத்தைப் பற்றிய முறையீடுகளே. படைப்பாளரின் கால நெருக்கடி ஒரு விளக்கம் ஆகலாம். அதனைப் பார்வையாளர்தாம் ஏற்கவேண்டும் என்பதற்கு நியாயம் இல்லை.

படைத்தவர் கருதாத பொருள்

பாட்டி செய்ததுபோல் எழுதப்படாத காரணத்தைத் தம் வாழ்விலிருந்து எடுத்து நிரப்புவது பார்வையாளரின் ஆற்றல். அவ்வாற்றல் படைத்தவரின் நோக்கத்தையே தலைகீழாக்கிவிடுவதும் உண்டு.

இந்தியத் தொலைக்காட்சியின் முதல் பெருந்தொடரான 'ஹம் லோக்' 1984 சூலையில் தூர்தர்சனில் தொடங்கி அடுத்த ஆண்டின் இறுதிவரை ஒளிபரப்பானது. இந்தியில் அமைந்த அத்தொடரை மனோகர் சியாம் ஜோஷி எழுதினார். கதைவழியே சமூகக் கருத்துகளைப் பரப்பலாம் என்று மெக்சிகோ நாட்டில் மிகேல் சபீதோ செய்துகாட்டிய முறையே அதற்கு முன்மாதிரி. குடும்பக் கட்டுப்பாடும் பெண்களின் நிலை உயர்வும் அதன் நோக்கங்களாக இருந்தன. முதல் 13 பகுதிகளில் அறிவுரை மிகுந்துவிட்டதாகப் பார்வையாளர் சலிப்புற்றனர். கதையின் போக்கு மாற்றப்பட்டது. அதன்பின் இலட்சக்கணக்கான கடிதங்கள் வந்தன. திருமணம் குறித்துத் தயங்கிநின்ற மூத்தமகள் பட்கிக்கு அறிவுரை கூறியே எண்ணற்றோர் எழுதினர்.

அக்குடும்பத்தின் தாய் பகவந்தி. கணவனின் குடியையும் மாமியாரின் கடுஞ்சொல்லையும் வாய்திறவாமல் தாங்குபவள். ஒரு பெண் இவ்வாறு வாழ்தல் கூடாது என்பதைக் காட்டவே அப்பாத்திரம் படைக்கப்பட்டது. பின்னாளில் பார்வையாளரிடையே ஆய்வு நடத்தியவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். பெண்களுள் கணிசமானோர் பகவந்தியைப் போற்றத்தக்க தாயாகவும் பின்பற்றத்தக்க மனைவியாகவும் கொண்டிருந்தனர். ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் நடிகர் அசோக்குமார் தோன்றி அன்றைய கதையின் பொருளை விளக்கிவந்தார் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். விளக்கத்தைக் கேட்டபின்னும் அவர்கள் பகவந்தியின் பக்கமே நின்றனர். அவளுடைய மௌனத்தைத் தம் தாயிடமும் தம்மிடமும் கண்டிருந்தவர்களுக்கு, அதனைப் பிழை என்று ஒப்புக்கொள்ளுதல் எளிதாக இருந்திருக்க முடியாது.

தமிழில் அண்மைக்காலச் சான்று, 2022 முதல் 2024 வரை ஒளிபரப்பான திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல்'. படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து, அப்படிப்பை அடுப்படியில் முடக்கும் குடும்பத்தலைவர் ஆதி குணசேகரன். ஆணாதிக்கத்தைச் சாடும் கதையில் அவரே சாடப்படவேண்டியவர். அவ்வேடத்தில் நடித்த மாரிமுத்துவின் பேச்சுமுறையோ வீடுதோறும் விரும்பிக் கேட்கப்பட்டது. அவருடைய அதட்டல்கள் சிறுசிறு துணுக்குகளாகக் கைப்பேசிகளில் வலம்வந்து சிரிப்பூட்டின. 2023 செப்டம்பர் 8ஆம் நாள் அவர் மறைந்தபோது தமிழகம் ஒரு தேர்ந்த நடிகருக்காக வருந்தியது, எழுத்தாளர் வேல. ராமமூர்த்தி பின்னர் அவ்வேடத்தை ஏற்றார். கொடுமையைக் கண்டு சிரிக்கும்போது அக்கொடுமை சிறுமைப்படுகிறதா, பழகிப்போகிறதா? நடிப்பின் வெற்றி கதையின் நோக்கத்தை விழுங்கிவிட்டது என்பாரும் உளர். தம் வீட்டுக் குணசேகரனைச் சிரித்துக் கடக்க அத்தொடர் வழிகாட்டிற்று என்பாரும் உளர். ஒரே வீட்டில் இருவகையினரும் இருந்திருப்பர்.

இவை பொழுதுபோக்கைப் பற்றிய சிறு வழக்குகள் என ஒதுக்கத்தக்கவை அல்ல. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்னும் பொருளியல் ஆய்வாளர் இருவர் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து இந்தியப் பகுதிகளில் ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கம்பிவடத் தொலைக்காட்சி புதிதாக வந்த சிற்றூர்களில், மனைவியை அடிப்பதை ஏற்கத்தக்கது எனக் கூறும் பெண்களின் அளவும், ஆண் குழந்தையே வேண்டும் என்னும் விருப்பமும் குறைந்தன என்பது அவர்கள் கண்ட முடிவு. அவர்கள் அளந்தது தொலைக்காட்சியின் வரவை. தனியொரு தொடரின் பயனை அன்று. எனினும், ஊர்க்கட்டுக்கு வெளியே வேறுவிதமாகவும் பெண்கள் வாழ்கின்றனர் என்பதைத் திரை காட்டியிருக்கக்கூடும் என அவர்கள் கருதினர். காரணகாரியம் தளர்ந்த கதைகளும் அங்கே ஓடியிருக்கும். பார்த்தவர்கள் அவற்றிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டனர்.

கூடத்தில் விளம்பர இடைவேளை முடியவில்லை. பெயர்த்தி சற்றுநேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்கிறாள்: "உங்களிடம் யாராவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா, பாட்டி?"

"அடுத்த தொடர் தொடங்கப்போகிறது. ஒலியைக் கொஞ்சம் கூட்டு" என்கிறார் பாட்டி.