நிலவுருண்டையின் அகச்சான்று

பழங்காலத்து மேசை நிலவுருண்டையைப் பள்ளிக் கருவி என்றோ மாளிகை அணி என்றோ கொள்வதே பெருவழக்கு. ஊரும் நாடும் கடலும் எழுத்தாற் பொறிக்கப்பெற்ற அஃது ஒரு நூலுமாகும். ஏட்டுச்சுவடியை ஆராயும் முறையால் அதன் காலத்தையும் ஆராயலாம் என்பதும், அதனால் தமிழ்ச்சொல் ஒன்றன் வரலாறு விளக்கமுறும் என்பதும் ஈண்டுக் காட்டப்படும்.

இன்று எஞ்சியுள்ள நிலவுருண்டைகளுள் மிகப் பழையது, மார்ட்டின் பெகைம் என்பார் 1492-இல் நியூரம்பெர்க்கு நகரிற் செய்வித்தது. கொலம்பசின் செய்தி எட்டுமுன் எழுந்தமையின் அதன்கண் அமெரிக்கா இல்லை. அச்சுக்கலை வளர்ந்தபின், செப்புத் தகட்டில் வெட்டிய நிலப்படத்தை, இருமுனையுங் கூர்ந்த இதழ்களாக, பெரும்பாலும் பன்னிரண்டாக, அச்சிட்டனர். காகிதக் கூழால் உருண்டை செய்து, அதன்மேற் சாந்து பூசி, அவ்விதழ்களை ஒட்டி, கையால் வண்ணந் தீட்டினர்.

ஆண்டு பொறிக்கப்படாத உருண்டையின் காலத்தை எங்ஙனம் அறிவது? அகச்சான்றே துணை. ஆஸ்திரேலியாவினின்று தாசுமேனியா பிரிந்து காணப்படின், பாசும் பிளிண்டர்சும் 1798–99-இல் அத்தீவைச் சுற்றி வந்ததற்குப் பிற்பட்டது அவ்வுருண்டை என்க. இது காலத்தின் மேலெல்லை. ஆனால், பழஞ்செய்தி காணப்படுதல் ஒன்றே பழமைக்குச் சான்றாகாது. கலிபோர்னியாவைத் தீவெனக் காட்டும் பிழை பதினேழாம் நூற்றாண்டிற் பரவியது. அது தீவன்று என இசுபானிய மன்னர் 1747-இல் ஆணையிட நேர்ந்தது. பழந்தகட்டையே மீண்டும் அச்சிடுவோர் பழம்பிழையையும் உடன் அச்சிடுவர். ஏடெழுதுவோர் பிழைபடப் படியெடுத்தலும் இத்தகையதே. ஆதலின், காலத்தைத் துணிதற்குப் பழஞ்செய்தியினும் புதுச்செய்தியே வலிய சான்றாம்.

இனித் தமிழ்ச்சொல் வரலாற்றை நோக்குவாம். ஐரோப்பிய உருண்டைகளில் நம் கீழைக் கடற்கரை ‘கோரமண்டல்’ எனப் பெயர் பெறும். சோழமண்டலம் என்பதே இவ்வாறு திரிந்தது என்பர் பெரும்பாலோர். ழகரம் இல்லாத மொழியினர் அதனை ரகரமாக்கினர். போர்த்துகீசியர் சகர ஒலிக்கு இட்ட எழுத்தைப் பிறர் ககரமாகப் படித்தனர். முதுநகரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனியார் 1690-இற் பெற்றபொழுது, சோழப் பேரரசு மறைந்து நான்கு நூற்றாண்டு கடந்திருந்தது. அரசு ஒழிந்தும், பெயர் உருண்டைகளில் நிலைத்தது.

தமிழ்ச்சொல் மேலைநாடு சென்றவாறே, மேலைப் புவிநூலும் தமிழகம் புகுந்தது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் மராத்தியில் இயற்றிய தேவேந்திரக் குறவஞ்சி, உலக நாடுகளைப் பாட்டாற் கூறுவது. மலைவளமும் நாட்டுவளமும் உரைத்தல் தமிழ்க் குறத்தியின் மரபாதலின், உலகப் புவியியலை உரைத்தற்கும் அவளே தக்காள் எனக் கண்டது அம்மன்னரது நுண்ணறிவு.

இலக்கிய மரபு புதுக்கல்விக்குத் தடையன்று, வாயில் என்பது இதனாற் பெறப்படும். தமிழகத்துப் பழைய மாளிகைகளிலும் பள்ளிகளிலும் நிலவுருண்டை காணப்படின், அதனைப் பழம்பொருளெனக் கழியாது, சுவடியெனக் கருதி எழுத்தெழுத்தாகப் படித்தல் ஆய்வாளர் கடனாகும்.