ஒசாகாவில் ஒரு நாள்: ஓடாமல் பார்ப்போம்



ஆடிப்பெருக்குக்கும் விடுமுறைக்கும் நம் மேட்டூருக்கு வருகிறவர்களைப் பார்க்கிறோம். வேனில் வந்து இறங்கி, அணை, பூங்கா, முனியப்பன் கோயில், பதினாறு கண் மதகு என்று ஓட்டமாய் ஓடிப் பார்த்துவிட்டு மாலையில் ஏறிவிடுகிறார்கள். கடைவீதிப் பக்கம் வர அவர்களுக்கு நேரமில்லை. அவர்களும் ஊரை அறியவில்லை, நமக்கும் வியாபாரமில்லை. ஜப்பான் செல்லும் நம் உறுப்பினருக்கு ஒசாகா நகரில் ஒரு நாள் கிடைத்தால், அதே தவறை அவர் அங்கே செய்யக் கூடாது.

ஏன் ஒசாகா?

சேலத்துக்குச் செவ்வாய்ப்பேட்டை எப்படியோ, அப்படி ஜப்பானுக்கு ஒசாகா. சிற்றரசர்களின் நெல்லரிசி அங்கு வந்து குவிந்து விலையானதால் ‘நாட்டின் சமையலறை’ என்று அதற்குப் பெயர். அங்குள்ள டோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730-ல் அரசு அங்கீகாரம் கிடைத்தது. சரக்கைக் கையில் வாங்காமலே முன்பேர வியாபாரம் செய்த உலகின் முன்னோடிச் சந்தை அது. ஒசாகா வணிகர்கள் சந்தித்தால் ‘மோகரிமக்கா?’ (லாபம் வருகிறதா?) என்று கேட்பார்களாம். ‘போச்சிபோச்சி’ (ஏதோ ஓடுகிறது) என்பது பதில். நாம் சொல்வதும் அதுதானே!

காலை

சுரங்க ரயிலுக்கு ஒருநாள் சீட்டு வாங்கிக்கொண்டால் ஒவ்வொரு முறையும் டிக்கெட் எடுக்கும் தொல்லை இல்லை. முதலில் கோட்டைப் பூங்கா. ஹிதெயோஷி 1583-ல் கட்டத் தொடங்கிய கோட்டை இது. இப்போதுள்ள கோபுரம் 1931-ல் கான்கிரீட்டில் எழுப்பியது. மேலே ஏறாவிட்டாலும் குறையில்லை. அகழியையும் பாறைச் சுவரையும் நிதானமாகச் சுற்றி வந்தால் போதும்.

பகல்: ஒரே ஒரு கடைவீதி

பக்கத்திலுள்ள தானிமாச்சி 4-சோமே நிலையத்திலிருந்து மாறாமல் தென்ஜின்பாஷிசுஜி 6-சோமே நிலையம் சேரலாம். நிலையத்தின் மேலேயே உள்ள வீட்டுவாழ்க்கை அருங்காட்சியகத்தில், 1830-களின் ஒசாகா தெருவை மருந்துக்கடை, துணிக்கடையுடன் அப்படியே அமைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

கீழே இறங்கினால் சுமார் 600 கடைகள் கொண்ட, 2.6 கிலோமீட்டர் நீளக் கடைவீதி. மீதி நாளை இதற்கே ஒதுக்குங்கள். கத்தி, தேயிலை, ஊறுகாய், துணி, காய்கறி என எல்லாம் சிறு கடைகள். மேலே கூரை இருப்பதால் மழையும் வெயிலும் வாடிக்கையாளரை விரட்டுவதில்லை; வண்டி இடைஞ்சல் இல்லாமல் முதியவர்களும் நின்று பார்த்து வாங்குகிறார்கள். பொருள்தோறும் விலைச்சீட்டு இருக்கும். பணத்தைச் சிறு தட்டில் வைக்க வேண்டும்.

இத்தகைய வீதிகளில் கூரை, விளக்கு, துப்புரவு ஆகியவற்றைக் கவனிப்பது பெரும்பாலும் கடைக்காரர் சங்கங்களே. இச்சங்கங்களுக்கென 1962-ல் தனிச் சட்டமே வந்தது. ஆனால் ஜப்பானின் சிற்றூர்களில் பெரிய அங்காடிகள் வந்தும், முதலாளிகளுக்கு வயதாகி வாரிசு இல்லாமலும் ஷட்டர் இறங்கிய வீதிகள் பல உண்டு. ஆகவே சங்கம் மட்டும் இருந்தால் போதாது. வீதிக்கு ஆள் வரவும், வந்தவர் நிற்கவும் வேண்டும்.

பாத்திரக்கடை நண்பர்கள் மட்டும் நம்பா அருகிலுள்ள தோகுயாசுஜி தெருவையும் பார்க்கலாம். ஓட்டல் சாமான்களுக்கென்றே உள்ள தெரு அது. மாலையிலேயே சாத்திவிடுவார்கள் என்பதால் நேரத்தோடு செல்க.

கவனிக்க

சைவர்கள் எச்சரிக்கையாக இருக்கவும். காய்கறி நூடுல்ஸ் என்றாலும் அதன் சாற்றில் மீன் சேர்ந்திருக்கும். இந்திய உணவகத்தை முன்பே விசாரித்து வைப்பது நல்லது. டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் இல்லை. தெருவில் குப்பைத் தொட்டி அரிது. ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள். நகரும் படிக்கட்டில் வலப்பக்கம் நிற்பது ஒசாகா வழக்கம், டோக்கியோவில் இடப்பக்கம். வீட்டுக்குப் பேசும்போது அவர்கள் மணி நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் என்பதை மறவாதீர்.

அருகில்தானே என்று கியோட்டோவையும் அதே நாளில் சேர்க்க வேண்டாம். கால் வலித்தால் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து, போகிறவர் வருகிறவரைப் பாருங்கள். எந்தக் கடை முன் நிற்கிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்பது தெரியும்.

ஊர் திரும்பியதும் ஒரு நாள் கல்லாவை மகனிடம் விட்டுவிட்டு, நம் கடைவீதியிலேயே வாடிக்கையாளராக ஒருமுறை நடந்து பாருங்கள். அணை பார்க்க வந்தவர் இங்கு நிற்க நிழல் உண்டா, குடிக்கத் தண்ணீர் உண்டா என்பது அப்போது புரியும். பார்த்ததை அடுத்த சங்கக் கூட்டத்தில் பேசுவோம்.