குறும்படக் கதைசொல்லல்

குறும்படக் கதைசொல்லல் என்பது சில நொடிகள் முதல் ஏறத்தாழ 40 நிமிடங்கள் வரை ஓடும் திரைப்படங்களில், ஒரு கதையையோ உண்மை நிகழ்வையோ பார்வையாளருக்கு உணர்த்தக் கையாளப்படும் உத்திகளையும் மரபுகளையும் குறிக்கும். குறும்படத்தை முழுநீளப் படத்தின் சுருக்கமாகக் கருதுவது பொதுவாகக் காணப்படும் பிழையாகும். நாவலுக்கும் சிறுகதைக்கும் இடையே உள்ள வேறுபாடே இவ்விரண்டுக்கும் இடையிலும் உள்ளது. எதைக் காட்டாமல் விடுவது என்னும் முடிவே குறும்படத்தின் வடிவத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

இக்கட்டுரை நீலகிரி மாவட்டம் மசினகுடிக்கு அருகே, தெப்பக்காடு யானைகள் முகாமில் எடுக்கப்பட்ட 'தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்' என்னும் தமிழ் மொழிக் குறும் ஆவணப்படத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. நீலகிரியைச் சேர்ந்த கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கி, குனீத் மோங்கா தயாரித்த இப்படம் 2022 டிசம்பரில் நெட்ஃபிளிக்சில் வெளியானது. 2023 மார்ச்சில் சிறந்த குறும் ஆவணப்படத்திற்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. அப்பிரிவில் விருது பெற்ற முதல் இந்தியத் தயாரிப்பு இதுவே.

நீளம்

குறும்படத்திற்கு உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரே அளவு இல்லை. ஆஸ்கார் விருதுகளை வழங்கும் அமெரிக்கத் திரைப்படக் கழகம், பெயர்ப் பட்டியல் உட்பட 40 நிமிடங்களுக்கு மிகாத படத்தைக் குறும்படமாகக் கொள்கிறது. பல திரைப்பட விழாக்கள் இதனினும் குறைவான எல்லையை வைத்துள்ளன. கல்லூரி மாணவர் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடங்களுக்குள் அடங்கும்.

தொடக்கம்

திரைப்படமே குறும்படமாகத்தான் பிறந்தது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிசில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுத் திரையிட்ட படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்திற்குக் குறைவாகவே ஓடின. அவற்றுள் பல, தொழிலாளர் ஆலையை விட்டு வெளியேறுவது போன்ற அன்றாடக் காட்சிகள். ஒன்று மட்டும் கதை சொன்னது. தோட்டக்காரர் ஒருவர் குழாயால் செடிகளுக்கு நீர் பாய்ச்சுகிறார். சிறுவன் ஒருவன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். நீர் நின்றுவிட, தோட்டக்காரர் குழாயின் வாயை உற்றுப் பார்க்கிறார். சிறுவன் காலை எடுக்கிறான். நீர் அவர் முகத்தில் பீறிடுகிறது. அவர் சிறுவனைத் துரத்திப் பிடித்து அடிக்கிறார்.

இயல்பு நிலை, அதைக் குலைக்கும் செயல், அதன் விளைவு ஆகிய மூன்றும் ஒரே சட்டகத்துக்குள், வெட்டின்றி நடந்து முடிகின்றன. இதைவிட முக்கியமானது, தோட்டக்காரருக்குத் தெரியாத ஒன்று பார்வையாளருக்குத் தெரிந்திருப்பதாகும். சிரிப்பு அதிலிருந்தே பிறக்கிறது. இன்று கைப்பேசியில் எடுக்கப்படும் நகைச்சுவைத் துணுக்குகளும் இதே அமைப்பைத்தான் பின்பற்றுகின்றன.

ஒரு நிகழ்வு, சில மாந்தர்

குறும்படத்தில் ஒரு மாந்தரை அறிமுகம் செய்யக் கிடைப்பது சில நொடிகளே. எனவே மாந்தரின் எண்ணிக்கை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அவர்களுடைய முற்கால வாழ்க்கை ஒரு பொருளாலோ ஒரு செயலாலோ உணர்த்தப்படுகிறது. சத்யஜித் ராய் 1964இல் எடுத்த 'டூ' இதற்குச் சிறந்த பாடமாகும். ஏறத்தாழ கால் மணி நேரம் ஓடும் அப்படத்தில் உரையாடல் கிடையாது. மாடியில் செல்வச் சிறுவன், கீழே வெளியில் ஏழைச் சிறுவன், இடையே ஒரு சன்னல். ஒருவன் புல்லாங்குழல் ஊதினால் மற்றவன் விளையாட்டு ஊதுகுழலை எடுக்கிறான்; ஒருவன் பட்டம் விட்டால் மற்றவன் பொம்மைத் துப்பாக்கியால் அதைச் சுட்டு வீழ்த்துகிறான். இருவருடைய குடும்பத்தைப் பற்றியும் நமக்கு ஒன்றும் சொல்லப்படுவதில்லை. பொம்மைகளே அனைத்தையும் சொல்லிவிடுகின்றன.

தெப்பக்காட்டுப் படத்தின் மாந்தர் நால்வர்: காட்டுநாயக்கர் பழங்குடியைச் சேர்ந்த பொம்மன், பெள்ளி ஆகிய இருவரும், ரகு, அம்மு என்னும் இரு யானைக் கன்றுகளும். ரகு 2017ஆம் ஆண்டு கிருஷ்ணகிரி மாவட்டக் காட்டுப் பகுதியிலிருந்து தாயை இழந்த நிலையில் மீட்கப்பட்ட கன்று. அம்மு 2019இல் சத்தியமங்கலம் பகுதியில் மீட்கப்பட்டது. முகாமிலோ பல யானைகளும் பாகர்களும் காவடிகளும் உள்ளனர். காவடி என்பது பாகனுக்கு உதவியாளராகப் பணிபுரிபவரைக் குறிக்கும். இவர்களுள் பெரும்பாலோர் படத்தின் ஓரங்களில் மட்டுமே தென்படுகின்றனர். முகாமைப் பற்றிய படமாக அமைந்திருக்கக்கூடியது, பெற்றோர் இருவரும் பிள்ளையும் கொண்ட ஒரு குடும்பத்தின் கதையாக மாறியது இத்தேர்வினால்தான்.

தமிழில்

தமிழில் குறும்படத்தின் இலக்கணம் சிறுகதையிலிருந்து வந்தது எனக் கூறுதல் பெரிதும் பொருந்தும். பாலு மகேந்திரா சன் தொலைக்காட்சிக்காக இயக்கிய 'கதை நேரம்' தொடர், தமிழ் எழுத்தாளர்களின் சிறுகதைகளை வாரம் ஒன்றாகத் திரைக்குக் கொண்டுவந்தது. ஒரு வீடு, இரண்டு மூன்று நடிகர்கள், இயற்கை ஒளி என்னும் அதன் எளிமை பின்வந்தோருக்கு முன்மாதிரியாயிற்று. 2009 அளவில் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய 'நாளைய இயக்குநர்' போட்டியின் வழியே கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் ஆகியோர் முழுநீளப் படங்களுக்குச் சென்றனர். பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' முதலில் குறும்படமாகவும், 2012இல் முழுநீளப் படமாகவும் வந்தது.

இக்காலத்தில் வேரூன்றிய மரபு, இறுதியில் வரும் எதிர்பாராத் திருப்பமாகும். இதன் முன்னோடியாகப் பெரிதும் சுட்டப்படுவது, அம்புரோஸ் பியர்சின் சிறுகதையைத் தழுவி ராபேர் என்றிக்கோ எடுத்த ஆற்றுப் பாலத் தூக்குத் தண்டனைப் படம் (1961). அதில் திருப்பம் முன்னர்க் கண்ட ஒவ்வொரு காட்சிக்கும் வேறு பொருள் தருகிறது. அவ்வாறு தராத திருப்பம் வெறும் புதிரின் விடையாக நின்றுவிடும். இரண்டாம் முறை பார்க்க அதில் ஒன்றும் இராது. மாணவர் படங்களில் மிகுதியாகக் காணப்படும் குறை இதுவே.

காலத்தைச் சுருக்குதல்

தெப்பக்காட்டில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் 450 மணி நேரத்துக்கும் மேற்பட்ட காட்சிகள் பதிவு செய்யப்பட்டன. படம் ஓடுவது ஏறத்தாழ 40 நிமிடங்கள். அதாவது பதிவான ஒவ்வொரு 11 மணி நேரத்திலிருந்தும் ஒரு நிமிடமே எஞ்சியுள்ளது. கணினியில் ஒளிப்படக் கோப்பு ஒன்றைச் சுருக்கும்போது, கண் கவனிக்காத விவரங்கள் முதலில் நீக்கப்படும். நீக்கியதை மீண்டும் பெற இயலாது. படத்தொகுப்பும் அத்தகையதே. ஆயின் இங்கு எது கவனிக்கத்தகாதது என்பதை மனிதர் முடிவு செய்கின்றனர்.

இவ்வளவு காலத்தைச் சில நிமிடங்களில் கடக்க இரண்டு உத்திகள் பயன்படுகின்றன. முதலாவது, நாள்தோறும் நிகழும் செயலை ஒருமுறை காட்டி, அது பல நாள் நிகழ்வதாக உணர்த்துவது. ஆற்றில் கன்றைக் குளிப்பாட்டுவதும் உணவூட்டுவதும் இவ்வாறு வருகின்றன. இரண்டாவது, பருவங்களைக் கடிகாரமாகக் கொள்வது. முதுமலை, மசினகுடிப் பகுதிகளில் கோடையில் காடு பழுப்பாகக் காய்ந்து தீப்பற்றும். மழைக்குப் பின் சில நாள்களிலேயே பசுமை திரும்பும். நீலகிரி மலையின் மழை மறைவுப் பக்கத்தில் இருப்பதால் இம்மாற்றம் இங்குக் கூர்மையாகத் தெரியும். காய்ந்த காடு ஒன்றும் பசுங்காடு ஒன்றும் அடுத்தடுத்து வந்தால், ஆண்டு கடந்ததை எழுத்தில் காட்ட வேண்டியதில்லை. இவை எல்லாவற்றினும் உறுதியான கடிகாரம் ரகுவின் உடல். கன்று வளர வளரக் காலமும் நகர்கிறது.

முகமும் படத்தொகுப்பும்

உருசிய இயக்குநர் லெவ் குலெசோவ், நடிகர் ஒருவரின் சலனமற்ற முகத்தை ஒரு கிண்ணம் சூப், சவப்பெட்டியில் ஓர் உடல், விளையாடும் குழந்தை ஆகிய காட்சிகளோடு மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டியதாகக் கூறப்படுகிறது. முகம் ஒன்றேயாயினும், பார்த்தோர் அதில் முறையே பசி, துயரம், அன்பு ஆகியவற்றைக் கண்டு நடிகரைப் பாராட்டினராம். அப்படச்சுருள் இன்று கிடைப்பதில்லை. புடோவ்கின் எழுதிய குறிப்பின் வழியாகவே இச்சோதனை அறியப்படுகிறது. இரு காட்சித்துண்டுகளுக்கு இடையே பொருளை உண்டாக்குபவர் பார்வையாளரே என்பது இதன் முடிவு.

விலங்குகளைப் பற்றிய படங்கள் அனைத்தும் இவ்விளைவையே நம்பியுள்ளன. யானை தன் உணர்வைச் செவி, துதிக்கை, வால், குரல் ஆகியவற்றால் வெளிப்படுத்துகிறது; அதன் கண்ணருகே எடுக்கும் அண்மைக் காட்சியோ மனித முகத்தைப் படிக்கும் பழக்கத்தால் நமக்குப் பொருள்படுகிறது. யானை அழுகிறது என்று பலரும் கருதும் காட்சியை எடுத்துக் கொள்வோம். கண்ணின் ஈரத்தை மூக்கினுள் கொண்டு செல்லும் நாளம் யானைக்கு இல்லை. ஆகவே ஈரம் கன்னத்தில் வழிவது அதற்கு இயல்பு. அதே காட்சித்துண்டைப் பிரிவுக் காட்சி ஒன்றின் பின் வைத்தால் அது கண்ணீராகிவிடும். யானைக்குத் துயரம் இல்லை என்பது இதன் பொருளன்று. அத்துயரத்திற்கு அந்த ஈரம் சான்றாகாது என்பதே.

படத்தின் பிற்பகுதியில் வனத்துறை ரகுவை வேறு பாகரின் பொறுப்பில் ஒப்படைக்கும் பகுதி வருகிறது. இங்குப் படம் பொம்மன், பெள்ளி ஆகியோரின் இழப்பையும், அம்முவிடம் தெரியும் மாற்றத்தையும் அடுத்தடுத்து வைக்கிறது. வளரும் ஆண் யானையை ஏன் இடம் மாற்றுகின்றனர், முகாமின் நடைமுறை யாது என்பனவற்றைப் படம் விரித்துரைப்பதில்லை. கதையின் நோக்கில் இது சரியான முடிவு. முகாமை அறிய விரும்புபவருக்கு இது போதாது.

குரல்

பழைய ஆவணப்படங்களில், காணப்படாத ஒருவர் எல்லாம் அறிந்தவர் போல் விளக்கம் கூறுவார். இந்தியாவில் 1948 முதல் திரையரங்குகளில் படத்திற்கு முன் காட்டப்பட்ட அரசின் திரைப்படப் பிரிவுச் செய்திப்படங்களைக் கண்டோர் அக்குரலை மறந்திருக்க மாட்டார்கள். தெப்பக்காட்டுப் படத்தில் அத்தகைய குரல் இல்லை. பொம்மனும் பெள்ளியும் தம் தமிழில் தாமே பேசுகின்றனர். அப்பேச்சு பிற காட்சிகளின் மேலும் ஒலிக்கிறது. தன் கணவனையும் மகளையும் இழந்ததைப் பெள்ளியே கூறும்போது, கன்று வளர்ப்பதன் பொருள் மாறிவிடுகிறது. ஆயினும் குரல் அவர்களுடையதாக இருந்தாலும், எந்தச் சொல் எந்தக் காட்சியின் மேல் விழ வேண்டும் என்பதைப் படத்தொகுப்பு மேசையே முடிவு செய்கிறது.

ஏற்பாடு செய்த காட்சிகள்

ஆவணப்படத்தில் நிகழ்வை மீண்டும் நடத்திக் காட்டுவது புதிதன்று. ராபர்ட் பிளாகர்ட்டி 1922இல் வெளியிட்ட 'நானூக் ஆஃப் தி நார்த்' படத்தில், பனிவீட்டினுள் படம் பிடிக்க ஒளி போதாமையால் பாதி திறந்த வீடு ஒன்று கட்டப்பட்டது. துப்பாக்கி பயன்படுத்திவந்தவர்கள் ஈட்டியால் வேட்டையாடுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். குறும்படத்தில் இத்தேவை மேலும் மிகும். நாற்பது நிமிடக் கதைக்குத் தெளிவான உச்சங்கள் வேண்டும். வாழ்க்கை அவற்றைக் கேமரா இருக்கும் நாளில் தருவதில்லை.

பொம்மன், பெள்ளி திருமணக் காட்சி இப்படத்தின் உச்சங்களுள் ஒன்று. 2023 ஆகஸ்டில், அக்காட்சிக்கான செலவைத் தாங்களே முதலில் கொடுத்ததாகவும் வாக்களித்த உதவிகள் கிடைக்கவில்லை என்றும் இருவரும் வழக்கறிஞர் வழியாகவும் ஊடகங்களிலும் கூறினர். தயாரிப்புத் தரப்பு அதை மறுத்தது. எது உண்மை என்பதை ஆராய்வது இக்கட்டுரைக்கு உரியதன்று. ஆனால் உண்மை மனிதரை மாந்தராக்கும் படத்தில் ஒரு காட்சியின் செலவு யாருடையது, வருவாய் யாருடையது என்னும் வினாக்களும் உத்தியின் பகுதியே. நடிகருக்கு ஒப்பந்தமும் ஊதியமும் உண்டு. ஆவணப்பட மாந்தருக்குப் பல வேளைகளில் இரண்டும் தெளிவாக இருப்பதில்லை.

சட்டகத்துக்கு வெளியே

இப்படம் உருவாகிக் கொண்டிருந்த ஆண்டுகளிலேயே மசினகுடி வேறு இரு காணொளிகளால் அறியப்பட்டது. 2021 சனவரி 19 அன்று, காயமுற்ற ஆண் யானை ஒன்று சிகிச்சைக்காகத் தெப்பக்காட்டிற்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் இறந்தது. அதன் துதிக்கையைத் தடவி வனத்துறை ஊழியர் ஒருவர் அழும் காட்சி முதலில் பரவியது. சில நாள்களுக்குப் பின், தங்கும் விடுதி ஒன்றின் அருகே இரவில் வந்த அந்த யானையின் மீது எரியும் டயரை எறியும் கைப்பேசிக் காட்சி வெளிவந்தது. அதைத் தொடர்ந்து இருவர் கைது செய்யப்பட்டனர்.

சில நொடிகளே ஓடிய அக்காட்சியில் அறிமுகமோ இசையோ முடிவோ இல்லை. அது எடுக்கப்பட்டதும் கதை சொல்வதற்காக அன்று. இருப்பினும் இரண்டு காணொளிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தோர் அவற்றை ஒரே கதையாகவே கண்டனர்.

மசினகுடி அமைந்துள்ள சீகூர்ப் பீடபூமி யானைகளின் வழித்தடமாகும். அங்குள்ள விடுதிகள் தொடர்பான வழக்கில், வழித்தடத்தைக் காக்கும் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பை உச்சநீதிமன்றம் 2020 அக்டோபர் 14 அன்று உறுதி செய்தது. பயிரை இழக்கும் உழவரும், அந்தி சாய்ந்தபின் நடந்து செல்ல அஞ்சும் தோட்டத் தொழிலாளரும் இதே மாவட்டத்தில் வாழ்கின்றனர். ஆஸ்கார் பெற்ற படத்தில் ரகுவின் தாய் இறந்த செய்தி சில சொற்களில் கடந்து செல்கிறது. யானையும் மனிதரும் மோதும் இவ்வுலகம் அதற்குமேல் உள்ளே வருவதில்லை. வந்திருந்தால் படம் இரு கன்றுகளின் கதையாக இருந்திராது.

படத்திற்குப் பின் நிகழ்ந்தவையும் குறிப்பிடத்தக்கவை. 2023 மார்ச்சில் தெப்பக்காடு, கோழிகமுத்தி முகாம்களில் பணிபுரியும் 91 பேருக்குத் தலா 1 இலட்சம் ரூபாய் வழங்கத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. திரையில் ஓரங்களில் நின்றவர்களும், அங்கும் இடம்பெறாதவர்களும் இதில் அடங்குவர். அவ்வாண்டு ஆகஸ்டில் பெள்ளி, முகாமின் காவடியாக முறைப்படி பணியமர்த்தப்பட்டார். தமிழ்நாட்டில் அப்பணியேற்ற முதல் பெண் அவரே.