கேஸ் டிரபிளா, புற்றுநோயா? வயிற்றுக்குள் ஓர் அரை மில்லிமீட்டர் கணக்கு!

“சும்மா கேஸ்தான்... ஒரு மாத்திரை போட்டா சரியாயிடும்!”

திருப்பனந்தாள் கடைத்தெருவோ, கும்பகோணம் பஸ்ஸோ... இந்த வசனத்தைக் கேட்காமல் இருக்க முடியாது. பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால், இரைப்பைப் புற்றுநோயும் ஆரம்பத்தில் இதே வேஷத்தில்தான் வரும். லேசான எரிச்சல், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிய உணர்வு... அவ்வளவுதான். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அதையும் அடக்கிவிடுவதால், நோய் மாதக்கணக்கில் மறைந்திருக்கலாம்.

இரைப்பைச் சுவர் அடுக்கடுக்கானது. உட்புறம் சளிச்சவ்வு, அதை ஒட்டி இரண்டாம் அடுக்கு, பிறகு தசை, கடைசியில் வெளியுறை. முதல் இரண்டு அடுக்குகளைத் தாண்டாத புற்றுநோயைத்தான் ‘ஆரம்ப நிலை’ என்கிறார்கள். 1962-ல் ஜப்பான் மருத்துவர்கள் வகுத்த வரையறை இது.

இந்த இரண்டு அடுக்குகளுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் உண்டு. சளிச்சவ்வோடு நின்றால், நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு சுமார் 3 சதவிகிதம். இரண்டாம் அடுக்கைத் தொட்டால் சுமார் 20 சதவிகிதம்! காரணம், அங்கேதான் நிணநீர்க் குழாய்கள் அதிகம். டெல்டாக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்... வாய்க்காலில் விழுந்தது எந்த வயலுக்கும் போகும்.

சரி, ஆழத்தை மேலே பார்த்தே எப்படிக் கணிக்கிறார்கள்? கட்டி 2 செ.மீ-க்குள், புண் இல்லாமல், செல்கள் ஓரளவு இயல்பான அமைப்பில் இருந்தால், பெரும்பாலும் அது மேலடுக்கோடு நிற்கும். 3 செ.மீ-யைத் தாண்டுவது, நன்றாகச் சிவந்திருப்பது, மேடுபள்ளமாக இருப்பது, சுற்றியுள்ள மடிப்புகள் தடித்து ஒட்டிக்கொள்வது எல்லாம் ஆழத்தின் அடையாளங்கள். எனக்கு ஆச்சர்யமாக இருந்தது காற்று விஷயம். எண்டோஸ்கோப்பி வழியே காற்றைச் செலுத்தினால், மேலோட்டமான கட்டி சுவரோடு சேர்ந்து விரியும். ஆழமாக வேரோடியது விரியாமல் மேடைபோல விறைத்து நிற்கும்.

மேலோட்டமானது என்றால் வயிற்றைத் திறக்கவே வேண்டாம். எண்டோஸ்கோப்பியிலேயே கட்டியை மட்டும் செதுக்கி எடுக்கலாம். இரைப்பை அப்படியே மிஞ்சும். ஆனால், இறுதித் தீர்ப்பு மைக்ரோஸ்கோப்புக்குத்தான். எடுத்த துண்டில், நோய் இரண்டாம் அடுக்குக்குள் அரை மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால், பெரும்பாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைப்பார்கள்.

50 வயதுக்கு மேல் புதிதாக அஜீரணமா? எடை குறைகிறதா? ரத்தசோகை, கறுப்பு மலம், விழுங்கச் சிரமம், தொடர் வாந்தி... இவற்றில் ஒன்று இருந்தாலும் மெடிக்கல் ஷாப் போதாது, டாக்டரிடம் போங்கள். அவர் சொன்னால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான்.

“குழாய் விடுவாங்களாமே” என்று பயப்படும் தாத்தா, பாட்டிகளுக்கு: அது சுண்டுவிரல் தடிமன்தான். தொண்டையை மரத்துப்போகச் செய்த பிறகுதான் விடுவார்கள். வெறும் வயிற்றோடு போனால், பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.